ஆழித்துறையில் அழுத சமன்பாடு

ஆழித்துறை ஆய்வு வளாகத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, கணிதத் துறையின் இரும்பு பீரோவுக்குள்ளிருந்து ஒரு சமன்பாடு அழத் தொடங்கியது. பச்சைப்பிள்ளை அழுவதுபோல முதலில் ஒரு சிணுங்கல், பிறகு ஒரு விம்மல், அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓங்கி எடுத்த அழுகை. மாடியில் இருந்த நிலத்தடி நீர்த் துறைக்காரர்கள் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். எதிர்க் கட்டடத்துக் கடல் உயிரியல் துறைக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கேன்டீன் நடத்தும் காசியம்மாள் வடைச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "பசி அழுகை" என்றாள். நாலு பிள்ளை பெற்றவள் சொன்னதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

பீரோவின் சாவி பேராசிரியை பூரணவல்லியிடம் மட்டுமே இருந்தது. கணிதத் துறைக்குத் தலைவரும் அவர்தான், உறுப்பினரும் அவர்தான். மற்ற இரண்டு இடங்களும் காலியாகி ஒன்பது வருடமாகியும் ஆள் போடாததால், துறைக் கூட்டங்களை அவர் தனியாகவே நடத்தி, தீர்மானங்களை ஒருமனதாக நிறைவேற்றிக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக அவர் உழைத்தது ஒரே ஒரு சமன்பாட்டின் மேல். ஒன்று இன்னொன்றுக்குள் மெல்ல மெல்ல நுழையும்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் எல்லைக்கோடு எப்படி நகர்கிறது என்று அது சொன்னது. எது எதற்குள் நுழைகிறது என்று யாராவது கேட்டால், "எதுவும் எதற்குள்ளும்" என்பார். அதனால் என்ன பயன் என்று கேட்டால், பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்த தாயைப் போல முகம் மலர்ந்து, "பயனே கிடையாது" என்பார்.

பூட்டி வைத்ததற்குக் காரணம் இருந்தது. இருபத்தைந்து வயதில் அவர் ஒரு தேற்றத்தை நிரூபித்து, தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினார். மறு வருடம் அது அந்தப் பேராசிரியர் பெயரில் அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், தட்டச்சுக்கு உதவிய செல்வி பூரணவல்லிக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அன்று முதல் அவர் எழுதியதை எல்லாம் பூட்டித்தான் வைத்தார், வளாகத்தில் அதைக் கர்வம் என்றார்கள், அவர் திருத்தவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பீரோவைத் திறந்து, பழுப்பு அட்டை நோட்டை எடுத்து, நூற்றுப் பதினாலாம் பக்கத்தை விரித்தபோது, சமன்பாடு மையெல்லாம் ஈரமாகி, சமக்குறி நடுங்க நடுங்க அழுதுகொண்டிருந்தது. பூரணவல்லி கையில் இருந்ததைக் கொடுத்துப் பார்த்தார். அதாவது, சரிபார்ப்பதற்காக எப்போதோ தானே கற்பனையாகப் போட்டு வைத்திருந்த பதினொரு எண்களை அதன் பக்கமாகக் குனிந்து வாசித்தார். அது மடக்கென்று விழுங்கிவிட்டு, நாலு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, மறுபடி ஆரம்பித்தது. டெலிபோன் டைரக்டரியை வாசித்தார், அது துப்பியது, சேலையில் மைப்புள்ளி விழுந்தது. இராமநாதபுரம் பஸ் நேரங்களை வாசித்தார், அதையும் துப்பியது. அந்த நேரங்களை ஊரிலும் யாரும் நம்புவதில்லை என்பதால் அதற்காக யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

வியாழக்கிழமைக்குள் வளாகம் அழுகைக்குப் பழகிவிட்டது. நிர்வாக அதிகாரி கோதண்டபாணி, இருபத்தொன்பது வருட சர்வீஸில் எதற்கும் அசராதவர், ஒரு சுற்றறிக்கை விட்டார். கணிதத் துறையின் அழுகை அலுவலக நேரத்துக்குள் முடித்துக்கொள்ளப்பட வேண்டும், உணவு இடைவேளையில் தவிர்க்கப்பட வேண்டும் என்றது அது. பிறகு அவரே நேரில் வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சமன்பாட்டைப் பார்த்தார்.

"இதை எந்தத் தலைப்புல ஏத்துறதுன்னுதான் மேடம் யோசனையா இருக்கு. எழுதுபொருள்னு போட்டா அழக் கூடாது. கருவின்னு போட்டா வருஷா வருஷம் பழுது பார்க்கணும். கால்நடைன்னு போட்டா மருத்துவர் சர்டிபிகேட் வேணும்."

"சமன்பாடுன்னே போடுங்களேன் சார்."

"அப்படி ஒரு தலைப்பு இல்லையே மேடம்" என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் வளாகச் சுவரைத் தாண்டி ஊருக்குள்ளும் போயிற்று. மீன் வாங்கிக்கொண்டு திரும்பும் பெண்கள் வாசலில் நின்று யோசனை சொன்னார்கள். வசம்பைச் சுட்டு உரைத்து நோட்டின் ஓரத்தில் தடவச் சொன்னார்கள், தொப்புளில் பெருங்காயம் போடச் சொன்னார்கள், சமன்பாட்டுக்குத் தொப்புள் எது என்று தங்களுக்குள்ளேயே சண்டை போட்டு, கடைசியில் சமக்குறிதான் என்று முடிவுக்கு வந்தார்கள். ஒருத்தி தர்காவில் ஓதிய கயிற்றைக் கொண்டுவந்து நோட்டில் கட்டினாள். யாரோ ஒரு கிலுகிலுப்பையை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட பூரணவல்லி நாற்பத்தாறு வயதில் அந்தக் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கடல் உயிரியல் துறை முழுவதும் வரிசையில் நின்று பார்த்தது.

ஒன்பதாம் நாள் மாடியிலிருந்து மெகராஜ் பானு இறங்கி வந்தாள். நிலத்தடி நீர்த் துறையில் இளைய ஆய்வாளர், ஆழித்துறையில் உள்ள இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகளின் தண்ணீரையும் மாதம் ஒரு முறை எடுத்து, உப்பு எவ்வளவு என்று அளப்பது அவள் வேலை. அந்த வேலையில் கொஞ்ச நாளாக அவளுக்குத் தூக்கமே இல்லை. கடல் உப்பு மண்ணுக்கு அடியில் ஊருக்குள் ஏறிக்கொண்டிருந்தது; தெற்குத் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது கிணறுகள் உப்புக் கரித்துவிட்டன, அடுத்து எந்தத் தெரு என்று அவளால் சொல்ல முடியவில்லை. நகராட்சியோ ஊர் முழுவதற்கும் ஒரு பெரிய கிணறு தோண்டப் போவதாகவும், இடத்தை அடுத்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றும் ஆய்வு வளாகத்துக்குக் கடிதம் போட்டிருந்தது. தப்பான இடத்தைச் சொன்னால் மூவாயிரம் குடும்பம் உப்புத் தண்ணீர் குடிக்கும். அந்த யோசனையோடு, தலைவலியோடு, அழுகையை நிறுத்தச் சொல்லிச் சண்டை போடத்தான் அவள் வந்தாள். ஆனால் எங்கே போனாலும் கையில் கோப்பை விரித்து முணுமுணுத்துக்கொண்டே நடப்பது அவள் பழக்கம்.

"மூணாம் நம்பர் கிணறு, தெற்குத் தெரு, எண்ணூத்தி நாப்பது. நாலாம் நம்பர், எண்ணூத்தி எழுபது..."

அழுகை நின்றது. அதற்குப் பதிலாக ஒரு சப்புக்கொட்டும் சத்தம் கேட்டது. வளாகம் முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு அந்த அமைதியைக் கேட்டது.

"என்னம்மா வாசிச்சே?" என்று பூரணவல்லி எழுந்தே விட்டார்.

"கிணத்துத் தண்ணி உப்பு, மேடம். துறைக்கு வெளியில யாருக்கும் தரக் கூடாத கோப்பு. நீங்க கேட்டிருக்கவே கூடாது."

"நான் எங்கே கேட்டேன்? அதுதான் கேட்டுச்சு."

"அதுவும் கேட்டிருக்கக் கூடாது."

"அதை அதுகிட்டயே சொல்லு. இன்னும் கொஞ்சம் வாசியேன், பாவம்."

மெகராஜ் பானு தயங்கினாள். கோப்பைப் புரட்டி, வாசித்த பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு உரக்கக் கூவினாள்: "மேடம், நம்பர் எல்லாம் அப்படியே இருக்கு! ஒண்ணுகூடக் குறையலை!"

சமன்பாடு அழுததற்கு ஆச்சரியப்படாத ஆழித்துறை, இதற்குத்தான் ஆச்சரியப்பட்டது. கொடுத்த பிறகும் எண்கள் கொடுத்தவளிடமே இருக்கின்றன என்ற செய்தி கட்டடம் கட்டடமாகப் பரவியது. துறைத் தலைவர்கள் தங்கள் பீரோக்களைத் திறந்து ஒரு பக்கத்தை ரகசியமாக வாசித்துப் பார்த்து, மறுபடி எண்ணிப் பார்த்து, எங்கோ ஏமாற்று வேலை இருக்கிறது என்று மறுபடி பூட்டினார்கள். கோதண்டபாணி மட்டும், குறையாத பொருளை வழங்கியதாக ரசீது போட முடியுமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் இன்னும் வரவில்லை.

மெகராஜ் பானு தினமும் காலையில் வந்து வாசித்தாள். தெருத் தெருவாக, கிணறு கிணறாக, மாதம் மாதமாக, தாலாட்டுப் போல இழுத்து இழுத்து அவள் வாசிக்க, சமன்பாடு கொழுகொழுவென்று ஆனது. நாலாம் நாள் அதற்கு விக்கல் பிடித்தது. தண்ணீர் தெளித்தார்கள், நோட்டின் முதுகைத் தட்டினார்கள், போகவில்லை. விக்கலோடு விக்கலாக அது கிணற்று எண்களில் பாதியை வெளியே தள்ளியது.

"என் நம்பர்ல தப்பே இருக்காது" என்றாள் மெகராஜ் பானு, கண் கலங்கி.

பூரணவல்லி வெளியே விழுந்ததைப் பொறுக்கிப் பார்த்தார். "ஆழம்னு எழுதியிருக்கியே, எங்கேயிருந்து ஆழம்?"

"கிணத்துக் கைப்பிடிச் சுவர்லேர்ந்து. கயித்தை அங்கேயிருந்துதானே விடுவோம்?"

"எல்லாக் கிணத்துலயும் சுவர் ஒரே உயரமா?"

மெகராஜ் பானு கோப்பைக் கீழே வைத்துவிட்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். இருநூற்றுப் பன்னிரண்டு கைப்பிடிச் சுவர்களையும் அளந்துவிட்டு அவள் திரும்பி வர ஆறு நாளாயிற்று. சில சுவர்கள் முழங்கால் உயரம், சில மார்பு உயரம், பள்ளிவாசல் தெருவில் ஒன்றுக்குச் சுவரே இல்லை. அவள் அதையெல்லாம் கூட்டிக் கழித்து வாசித்த பிறகுதான் விக்கல் நின்றது. ஆனால் பசி நிற்கவில்லை. கிணறுகளின் கணக்கு ஏழு வருடத்துக்குத்தான் இருந்தது; வளர்ந்துவிட்ட சமன்பாட்டுக்கு அது காலைப் பலகாரத்துக்கே காணவில்லை.

எதிர்க் கட்டடத்தில் இருபத்திரண்டு வருடக் கணக்கு இருந்தது. அது அமலதாசனுடையது. கடலும் ஆறும் கலக்கும் கழிமுகச் சேற்றில், இடுப்பளவு தண்ணீரில் நின்று, மாதம் தவறாமல் மட்டிச் சிப்பிகளை எண்ணி வந்த மனிதர் அவர். உப்பு கூடினால் ஒரு வகை மட்டி கூடும், குறைந்தால் இன்னொரு வகை கூடும், ஆகவே அவருடைய மட்டிக் கணக்கு உப்பின் கணக்குத்தான். அதில் ஒரு பகுதிக்காக அவருக்கு டெல்லியில் பதக்கம் கூடக் கொடுத்திருந்தார்கள். பூரணவல்லியும் மெகராஜ் பானுவும் போய்க் கேட்டபோது, அவர் நோட்டுகளின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"இந்தக் காலைப் பாருங்க மேடம். இருபத்திரண்டு வருஷம் சேத்துல நின்ன கால். ஏசி ரூம்ல உக்காந்து எக்ஸ் ஒய் போடுறவங்களுக்கு இதைத் தூக்கிக் குடுக்கணுமா?"

"என் ரூம்ல ஃபேனே ஓடலை சார்" என்றார் பூரணவல்லி.

"சார், குடுத்தாலும் உங்ககிட்டயேதான் இருக்கும்" என்றாள் மெகராஜ் பானு.

"அதெல்லாம் கேள்விப்பட்டேன்" என்று சொல்லி அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் சமன்பாடு அழுத அழுகை அப்படிப்பட்டது. ஒரு வாரத்தில் கழிமுகத்துக் கொக்குகள் இடம் மாறின, காசியம்மாளின் தயிர் உறைய மறுத்தது. அமலதாசன் ஒரு திங்கட்கிழமை காலை இருபத்திரண்டு நோட்டுகளையும் ஒரு சாக்குப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கு வந்தார். அவ்வளவு நோட்டுக்கும் கணிதத் துறை மேசையில் இடம் இல்லை. வடை தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி இடம் விட்டார்கள்.

முதலில் நாள் எது என்பதில் சண்டை வந்தது. மெகராஜ் பானுவுக்கு நாள் என்பது மழைமானியைப் பார்க்கும் காலை எட்டரைக்குத் தொடங்கியது. அமலதாசனுக்கு அமாவாசையிலிருந்து எத்தனையாவது ஓதம், அதாவது எத்தனையாவது கடலேற்றம், என்பதுதான் நாள். பூரணவல்லிக்கு நாள் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது, அதற்கு முன்னால் உலகம் இருந்ததா என்பது பற்றி அவருக்கு அக்கறை இல்லை. மூன்று பேரும் ஒரு முழுக் காலைப் பொழுது பேசி, பஜ்ஜி மடித்த தாளின் பின்பக்கத்தில், எந்த எண்ணை யார், எங்கே, எப்போது, எதிலிருந்து, எதனால் அளந்தார் என்று வரி வரியாக எழுதினார்கள். நாற்பது வருடமாக ஒரே வாசல் வழியாகப் போய்வந்த மூன்று துறைகளும் ஒன்றுக்கொன்று புரியும்படி எழுதிய முதல் தாள் அதுதான். ஓரத்தில் எண்ணெய் இருந்தது.

பிறகு அமலதாசன் வாசிக்க ஆரம்பித்தார். நல்ல குரல், மாதாகோயிலில் பாடிப் பழகிய குரல். ஆண்டு ஆண்டாக, அமாவாசை அமாவாசையாக, மட்டி மட்டியாக வாசித்தார், சமன்பாடு கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும் பிள்ளை போல இருந்தது. பதினான்காம் நோட்டு பாதி வரைக்கும் அப்படித்தான் போயிற்று. அதில் ஆவணி மாதத்துக்கு வந்ததும் அது வாயை மூடிக்கொண்டது. அவர் மறுபடி வாசித்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது, பக்கம் தானாகப் புரண்டது. அழவில்லை; சும்மா இருந்தது, அதுதான் எல்லோருக்கும் சங்கடமாக இருந்தது.

"இதுவும் எங்கேயிருந்து அளந்தீங்கங்கிற பிரச்சனையா இருக்கும் சார்" என்றாள் மெகராஜ் பானு ஆறுதலாக.

அமலதாசன் நோட்டுகளைச் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நகராட்சி கொடுத்த கெடுவுக்கு இன்னும் நாலு வாரம்கூட இல்லை. அந்த வாரத்தில் செட்டி ஊருணித் தெருவில் மூன்று கிணறுகள் கரித்துவிட்டன, பெண்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள்.

மூன்றாம் நாள் காலை அமலதாசன் கணிதத் துறை வாசலில் நின்றார். சவரம் செய்திருக்கவில்லை. பூரணவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார், அவர் உட்காரவில்லை.

"அந்த ஏழு மாசம் நான் சேத்துல இறங்கலை, மேடம். என் சம்சாரம் மதுரையில ஆஸ்பத்திரியில கிடந்தா. பகல்ல அவ பக்கத்துல உக்காந்திருப்பேன். மாசம் பொறந்தா நோட்டை எடுத்து, போன வருஷக் கணக்கைப் பார்த்து, இங்கே ரெண்டு கூட்டி, அங்கே மூணு குறைச்சு, உண்மை மாதிரி எழுதுவேன். அவ பார்த்துக்கிட்டே இருப்பா. ஒரு நாள் கேட்டா, 'ஏங்க, மட்டி எல்லாம் ஆஸ்பத்திரிக்கே வந்துருச்சா'ன்னு. அவ போனதுக்கப்புறம் அதை அடிக்க மனசு வரலை. அந்த எண்ணெல்லாம் அவளுக்கு முன்னாடி எழுதுனது. பதக்கம் குடுத்தது அந்த நோட்டுக்குத்தான்."

பூரணவல்லி எழுந்து பீரோவைத் திறந்தார். பிறகு தன் பழுப்பு நோட்டை எடுத்து, நூற்று ஒன்பதாம் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தார்.

"இதுல ஏழாவது வரியைப் பாருங்க சார். 'இதிலிருந்து தெளிவாகவே தெரிகிறது' அப்படின்னு எழுதியிருக்கேன். பதினோரு வருஷமாச்சு. எனக்கு அது தெளிவாத் தெரியலை. யாராவது பார்த்துருவாங்களோங்கிற பயத்துலயும்தான் பூட்டி வச்சேன்."

அமலதாசன் அந்த வரியைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் அப்போதுதான் உட்கார்ந்தார்.

இந்தப் பேச்சை வாசலில் நின்று கேட்டவர்கள் மூன்று பேர் என்பதால், மதியத்துக்குள் வளாகம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. நடந்தது என்னவென்றால், யாரும் அமலதாசனைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் அவரவர் பீரோவைப் பற்றி யோசித்தார்கள். மெகராஜ் பானுவின் மேலதிகாரி, பள்ளிவாசல் தெருக் கிணறுகளை இரண்டு முறை பைக்கில் இருந்தபடியே பார்த்து எழுதியதாக ஒப்புக்கொண்டார். கோதண்டபாணி, வருகைப் பதிவேட்டில் தன் கையெழுத்து சில நாள் முன்கூட்டியே போடப்பட்டது என்று தனக்குத் தானே ஒரு விளக்கக் கடிதம் கொடுத்து, தானே பெற்றுக்கொண்டார். காசியம்மாள் கரண்டியோடு வெளியே வந்து, "என்னை யாரும் கேக்கலை, இருந்தாலும் சொல்லிடுறேன். வெள்ளிக்கிழமை சாம்பார் வியாழக்கிழமை சாம்பார்தான்" என்றாள். அது எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரியாதது போல் கேட்டுக்கொண்டார்கள்.

அமலதாசன் பதினான்காம் நோட்டைத் திறந்து, ஏழு மாத எண்களின் மேலும் ஒரே நேர்கோடு கிழித்தார். கோட்டுக்குக் கீழே எண்கள் படிக்கும்படியே இருந்தன. பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார். டெல்லிக்கும் ஒரு கடிதம் எழுதி, பதக்கத்தைத் துணியில் சுற்றி அனுப்பினார். அதன் பிறகு வாசித்தபோது, சமன்பாடு அந்த ஏழு மாதத்தை, வழியில் கிடக்கும் பள்ளத்தைப் பார்த்துத் தாண்டுகிறவனைப் போல நிதானமாகத் தாண்டி, மிச்ச எட்டு நோட்டுகளையும் குடித்து முடித்தது. நூற்று ஒன்பதாம் பக்கத்து ஏழாவது வரியைப் பூரணவல்லி தஞ்சாவூரில் இருந்த ஒரு கணித வாத்தியாருக்கு எழுதி அனுப்பி, தெரியவில்லை என்று கேட்டார். அவர் நாலே நாளில், தெளிவாகத் தெரிவதற்கு மூன்று பக்கம் ஆகும் என்று அந்த மூன்று பக்கத்தையும் எழுதி அனுப்பினார். அவர் பெயரைப் பூரணவல்லி சிவப்பு மையில் ஓரத்தில் எழுதி வைத்தார்.

நிறைந்த வயிற்றோடு சமன்பாடு ஒரு பகல் முழுவதும் தூங்கியது. எழுந்தபோது எதிர்ப்பக்கத்து வெற்றுத் தாளில் ஒரு கோடு ஓடியிருந்தது. ஆழித்துறையின் தெருக்களுக்கு ஊடே, இந்த மாதம் இங்கே, அடுத்த மாதம் இங்கே என்று உப்பின் ஓரம் நகரும் கோடு. நகராட்சி கிணறு தோண்ட நினைத்திருந்த பஸ் ஸ்டாண்டு மைதானம் பதினாலு மாதத்தில் அந்தக் கோட்டுக்குள் போய்விடுகிறது. பழைய மாட்டுச் சந்தைத் திடலுக்கு அது வரவே இல்லை.

நகராட்சித் தலைவர் விக்டோரியா, பஸ் ஸ்டாண்டில் அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பந்தல் வரைக்கும் சொல்லிவிட்டவர், பூரணவல்லியும் மெகராஜ் பானுவும் கொண்டுபோய்க் காட்டிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழுற கணக்கைக் கேட்டுக் கிணறு தோண்டுனேன்னு நாளைக்கு என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களா?"

"இப்ப அழலைங்க" என்றார் பூரணவல்லி.

"இதுல என் வீட்டுக் கிணறு எங்கே இருக்கு?"

மெகராஜ் பானு விரலை வைத்துக் காட்டினாள். "வர்ற பத்தொன்பதாம் தேதி கரிக்கும், அம்மா."

தலைவருடைய கிணறு ஊரிலேயே இனிப்பானது. பத்தொன்பதாம் தேதி காலையில் பாதித் தெரு அவர் வீட்டு முற்றத்தில் கூடி ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக் கலைந்தது. இருபதாம் தேதியும் நன்றாகத்தான் இருந்தது. இருபத்தொன்றாம் தேதி தலைவர் காப்பியை வாயில் வைத்து, துப்பிவிட்டு, ஆய்வு வளாகத்துக்குப் போன் போட்டு, உப்பு இரண்டு நாள் தாமதமாக வந்ததற்காகப் பூரணவல்லியைக் கால் மணி நேரம் திட்டினார். பந்தலை மாட்டுச் சந்தைத் திடலுக்கு மாற்றினார்கள். நாற்பத்தோராவது அடியில் நல்ல தண்ணீர் வந்தது. முதல் வாளியை வாங்கிக் குடித்தவர்கள் இன்னொரு டம்ளருக்குக் கையை நீட்டினார்கள்.

செய்தி வெளியூருக்குப் போயிற்று. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து நாச்சம்மை என்கிற டாக்டர் கடிதம் எழுதினார். சர்க்கரை வியாதிக்காரர்களின் காலில் வரும் ஆறாத புண்களைப் பார்க்கும் வார்டு அவருடையது. புண்ணின் ஓரம் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் எந்தக் காலைக் காப்பாற்றலாம், எதற்கு இப்போதே வழி பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம், உங்கள் சமன்பாட்டை எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்டிருந்தார். பூரணவல்லி அந்தக் கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்திருந்தார். அறியாத ஊர், அறியாத ஆள். பெயர் போட்ட தாள் பெயர் இல்லாமல் ஆவதை ஒரு முறை பார்த்தவர் அவர். நாலாம் நாள் ஒரு புது நோட்டு வாங்கி, சமன்பாட்டை முதல் வரியிலிருந்து கையால் பிரதி எடுத்தார். எப்படி ஊட்டுவது, எதைத் துப்பும், விக்கல் வந்தால் முதலில் எதைப் பார்ப்பது, எந்த இடத்தில் தனக்கே சந்தேகம் என்று பன்னிரண்டு பக்கம் எழுதிச் சேர்த்தார். பிரதி எடுத்த பிறகு பழையது குறைந்திருக்கிறதா என்று, தெரிந்திருந்தும், ஒரு முறை பார்த்துக்கொண்டார். அமலதாசனே அதைப் பையில் வைத்து மதுரைக்கு எடுத்துப் போனார். மானாமதுரை தாண்டியதும் அது அழ, கண்டக்டர் வந்து, மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம் என்று சொன்னாராம்.

ஐந்து மாதம் கழித்துத் தபாலில் அந்த நோட்டின் பிரதி திரும்பி வந்தது. பூரணவல்லியின் பெயர் முதல் பக்கத்தில் பெரிதாக இருந்தது. ஆனால் சமன்பாட்டின் வலது ஓரத்தில், அவர் எழுதாத ஒரு புது உறுப்பு, குறியும் எழுத்துமாக, முளைத்திருந்தது. அவருக்குக் கோபம் வந்தது. யாரைக் கேட்டு, என்று உரக்கவே சொன்னார். பிறகு அதைச் சோதிக்க உட்கார்ந்தார். மூன்று நாள் போராடியும் அது தப்பு என்று காட்ட முடியவில்லை, சரி என்றும் காட்ட முடியவில்லை. அவருடைய சமன்பாடு நுழைவதைப் பற்றி மட்டுமே பேசியது. இந்த உறுப்போ, நுழைந்தது பின்வாங்குவதைப் பற்றி ஏதோ சொல்லிற்று. பின்வாங்கும் என்று அவர் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்க அக்கா" என்றாள் மெகராஜ் பானு. எப்போது மேடம் அக்காவானார் என்று இருவருக்குமே தெரியவில்லை.

"போட்டேன். வார்டுக்கு வந்து பார்த்தாத்தான் புரியும்கிறாங்க."

அவர் லீவு எழுதிக் கொடுத்தார். கோதண்டபாணி காரணம் என்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "படிக்கப் போறதாப் போட்டிருக்கீங்க. பேராசிரியருக்கு அந்தத் தலைப்பு இல்லை மேடம்" என்றார், பிறகு, என்ன நினைத்தாரோ, அந்தத் தலைப்பைத் தானே பேனாவால் புதிதாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

மதுரையில் அந்த வார்டு மூன்றாவது மாடியில், நீளமான ஹாலாக, மருந்து வாசனையோடு இருந்தது. டாக்டர் நாச்சம்மை வரும் வரை உட்காரச் சொன்னார்கள். பூரணவல்லி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டில்களுக்கு நடுவில் நின்றார். ஒரு நர்ஸ் கண்ணாடித் தாளை ஒரு நோயாளியின் காலின் மேல் விரித்து, புண்ணின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து கொண்டிருந்தாள். போன வாரத்துக் கோட்டுக்குள் இந்த வாரத்துக் கோடு சின்னதாக, குளம் வற்றியது போல, சுருங்கிக் கிடந்தது. ஓரத்திலிருந்துதான் புதுத் தோல் வந்துகொண்டிருந்தது.

கட்டிலில் கிடந்தவர் அறுபது வயது லாரி டிரைவர், உசிலம்பட்டிப் பக்கம். அவர் பூரணவல்லியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க பெரிய டாக்டரம்மாவா?"

"இல்லைங்க. நான் கணக்கு டீச்சர்."

"கணக்கு டீச்சரா? கணக்குக்கும் என் காலுக்கும் என்னம்மா இருக்கு?"

"அதைத்தாங்க உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்."

அவர் தன் காலையும் அந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் ஊன்றி, காலை மெல்லத் தூக்கி நகர்த்தி, கட்டிலில் பூரணவல்லி உட்கார ஒரு ஆள் இடம் விட்டார்.